படத்தில் விழுந்த கால்

கிடங்கில் அவரை எல்லோரும் ஒத்தமணி என்றுதான் கூப்பிடுவார்கள். பார்சலோடு ஒரு வாசலுக்குப் போனால் அழைப்பு மணியை ஒரே ஒரு தடவைதான் அழுத்துவார். பெட்டியைக் கதவோரம் வைப்பார், செல்போனில் ஒரு படம் எடுப்பார், கிளம்பிவிடுவார். உள்ளே இருப்பவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கும்போது ஒத்தமணி அடுத்த தெருவில் இருப்பார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஏன் இப்படி ஓடுகிறீர் என்று கேட்டால், "நின்னா பேசுவாங்க. பேசினா நேரம் போகும். நேரம் போனா என் மானம் போகும்" என்பார். மற்ற வீடுகளைப் பொறுத்தவரை அது சரியான பதில்தான். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அது பொய்.

பெட்டியைக் கொண்டுபோய் வைத்ததற்குச் சாட்சி அந்தப் படம். எடுத்த கையோடு அது வாங்கினவரின் போனுக்குப் போய்விடும். பெட்டி தெரிய வேண்டும், கதவு எண் தெரிய வேண்டும் என்பது விதி. ஒத்தமணியின் படத்தில் இரண்டும் தெரியும், கூடவே அவருடைய வலது ஷூவின் நுனியும் தெரியும். குனியச் சோம்பல்பட்டுக்கொண்டு நின்றவாக்கில் எடுத்தால் வேறு என்ன விழும்?

"யோவ், பெட்டியப் படம் எடுய்யான்னா காலப் படம் எடுத்து அனுப்புற. உன் கால யாருய்யா ஆர்டர் பண்ணாங்க?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்பார்.

"நான் வந்து நின்னதுக்கு அதுவும் சாட்சிதானே சார்" என்பார் ஒத்தமணி.

காலாவது பார்க்கிற மாதிரி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஷூவின் ஓரத்தில் தையல் பிரிந்து, சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அந்த விரலுக்கும் சேத்து ஒரு சட்டை தச்சுப் போட்டுடவா? பாவம், ஊரெல்லாம் வெறும் மேலோட சுத்துது" என்று வீட்டில் மனைவி கேட்பாள். அடுத்த மாதம் வாங்கிவிடலாம் என்பார் இவர். அந்த அடுத்த மாதம் வருவதாக இல்லை.

அவருக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா. அம்மா கடைசிக்காலத்தில் அந்த அக்கா வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் இவர் எழுந்து, "உன்ன நம்பி விட்டேன் பாரு, என்னச் சொல்லணும். நீ ஒழுங்காப் பாத்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டார். நாக்குக்கு எலும்பில்லை என்பது சும்மாவா? அம்மாவுக்கு அத்தனை வருஷம் தலை வாரிவிட்டவள், இரவெல்லாம் கால் பிடித்துவிட்டவள் அக்கா. அம்மாவை ஒரு வாரம் கூடத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளாதவர் இவர். அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சொன்னது தப்பு என்று வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே இவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? கோபம் எழுந்துபோன நாற்காலியில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது என்று நாளைத் தள்ளினார். நாள் மாதமாகி, மாதம் வருஷமாகி, கடைசியில் அது பெரிய வீம்பு போலவே வெளியே தெரிந்தது. வீடு மாறினார், நம்பர் மாற்றினார், சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை. உள்ளே இருந்தது வீம்பில்லை, பயம். இதை மனைவியிடம் கூட அவர் ஒத்துக்கொண்டதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில், அன்றைய பெட்டிகளைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தவர் ஒரு சின்னப் பெட்டியைக் கையில் எடுத்து அப்படியே நின்றார். மேலே அக்காவின் பெயர். கீழே இவர் தினமும் போகிற தெருவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. அக்கா அங்கே குடிவந்திருப்பது பெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்தது. கைம்பெண்ணாகி மகளோடு இருக்கிறாள் என்பதைப் பிறகு கட்டடக் காவலாளி சொல்லித் தெரிந்துகொண்டார்.

வேறு ஆளிடம் தள்ளிவிடலாம் என்று முதலில் நினைத்தார். மனம் வரவில்லை. தானே கொண்டுபோனார். வைத்தார், மணியை அழுத்தினார், படம் எடுத்தார், லிஃப்டுக்குக் காத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று படிக்கட்டில் இறங்கினார். பாதிப் படியில் மேலே தரையில் கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு ஊன்றலுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. அக்காவுக்கு முழங்கால் இவ்வளவு மோசமாகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டே மீதிப் படிகளை இன்னும் வேகமாக இறங்கினார்.

அதற்குப் பிறகு அக்காவின் பெயரில் பெட்டி வராத வாரமே இல்லை. ஒருநாள் துணி கிளிப். ஒருநாள் டீ வடிகட்டி. ஒருநாள் ஊசி நூல், அதுவும் வெள்ளை நூல் தனியாக, கறுப்பு நூல் தனியாக. "இந்தம்மா ஒரு ஊசிக்கு ஒரு பெட்டி போடுறாங்களே, தெரு முனைக் கடையில கிடைக்காதா?" என்று சூப்பர்வைசரே ஆச்சரியப்பட்டார். "இதுல வேடிக்கை என்னன்னா, ஒவ்வொரு தடவையும் உனக்கு அஞ்சு நட்சத்திரம் போடுறாங்க. மூஞ்சியையே காட்டாதவனுக்கு எதுக்குய்யா அஞ்சு?"

ஒத்தமணி சிரித்து மழுப்பினார். அக்காவுக்குத் தெரிந்துவிட்டதோ? படத்தோடு வாங்கினவருக்குப் போகிற குறுஞ்செய்தியில் கொண்டுவருகிறவரின் பெயரும் நம்பரும் இருக்குமே. தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்காமல் ஊசி வாங்கிக்கொண்டிருக்கிறாள்? ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு நின்றுவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டுதான் மாடி ஏறுவார். மணியை அழுத்தியதும் கால் தானாகத் திரும்பிவிடும். பழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பழக்கத்தின் மேல் பழி போடுவது சுலபம், அது எதிர்த்துப் பேசாது.

ஒரு தடவை மட்டும் மூன்றாவது மாடியிலிருந்து ஏழெட்டுப் படி இறங்கியதுமே நின்றார். கைத்தடிச் சத்தம் கதவு வரை வந்தது. தாழ்ப்பாள் நகர்ந்தது. "யாருப்பா?" என்று அக்காவின் குரல். வயதாகியிருந்தது, ஆனால் அதே குரல். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு சாத்தப்பட்டது. மேலே போக ஏழெட்டுப் படிதான். அவர் கீழே இறங்கினார்.

பிறகு ஒருநாள் வழக்கத்தைவிடப் பெரிய பெட்டி வந்தது. கையில் வாங்கின உடனே உள்ளே இருப்பது ஷூ என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனை சுமந்திருப்பார். அக்காவின் மருமகனுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வைத்தார், அழுத்தினார், எடுத்தார், இறங்கினார். அன்றைக்கும் படத்தில் பிய்ந்த ஷூ விழுந்திருந்தது.

அதோடு அக்காவின் பெயரில் பெட்டி வருவது நின்றுபோனது. முதலில் அப்பாடா என்றிருந்தது. பிறகு காலையில் பெட்டி பிரிக்கும்போது கை மற்ற வேலையைச் செய்ய, கண் அந்தப் பெயரையே தேடியது. அந்த நாட்களில் தெரியாத நம்பர் ஒன்று வேறு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தெரியாத நம்பர் என்றால் இந்தத் தொழிலில் ஒரே அர்த்தம்தான். என் பார்சல் எங்கே, எப்ப வரும், ஏன் இன்னும் வரல. ஒருவருக்குப் பதில் சொன்னால் பத்துப் பேருக்குத் தாமதமாகும். மற்றவர்களைப் போல இவரும் பார்த்ததும் கட் பண்ணினார். வண்டி ஓட்டிக்கொண்டே கட் பண்ணினார், படி ஏறிக்கொண்டே கட் பண்ணினார். அப்புறம் அந்த நம்பரும் ஓய்ந்தது.

ஒரு விடுமுறை நாளில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவியிடம் "அக்காவப் பாத்துட்டு வரேன்" என்றார். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க. முதல்ல மன்னிப்புக் கேளுங்க, அப்புறம் உக்காருங்க" என்றாள்.

கையில் பெட்டி இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மணியை அழுத்தினார். கால் திரும்பப் பார்த்தது, விடவில்லை. கைத்தடிச் சத்தத்துக்காகக் காது கொடுத்தார். கேட்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இரண்டாவது முறை அழுத்தினார்.

கதவைத் திறந்தது அக்கா மகள். இவரைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா மாமா?"

"அக்கா இல்லியாம்மா?"

"இல்ல" என்றாள். அவள் சொன்ன விதத்தில் இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரியில நாலஞ்சு நாள் இருந்தாங்க. பார்சல் மெசேஜ்ல இருந்த நம்பர வெச்சு எத்தனை தடவ உங்களக் கூப்பிட்டேன் தெரியுமா? அடிக்க அடிக்கக் கட் பண்ணிட்டே இருந்தீங்க."

"கஸ்டமர்னு நினைச்சேம்மா." சொல்லும்போதே அந்தப் பதில் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது. "என்னைக் கேட்டாளா?"

"கேட்டாங்க. நீங்க எடுக்கலன்னு சொன்னேன். 'வேலையா இருப்பான், தொந்தரவு பண்ணாத'ன்னாங்க."

அவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கண் கெட்ட பிறகு சூரியன் எதற்கு என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து தன் அம்மாவின் போனையும், அவர் கடைசியாகக் கொண்டுவந்து வைத்த அந்தப் பெட்டியையும் எடுத்துவந்தாள்.

போனைத் திறந்து காட்டினாள். படம் படமாகப் போனது. அதே கதவு, அதே மிதியடி, துணி கிளிப் பெட்டி, வடிகட்டிப் பெட்டி, ஊசிப் பெட்டி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவருடைய ஷூ.

"பெட்டியப் பிரிச்சுக் கூடப் பாக்க மாட்டாங்க மாமா. இந்தக் காலத்தான் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாப்பாங்க. கீழ போய் நிக்கட்டுமா, கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன். 'வேணாம்டி, அவனா ஒரு நாள் நிப்பான்'னாங்க. அப்புறம் பாத்தா, 'தையல் விட்டுப்போச்சுடி, மழை வந்தா தண்ணி உள்ள போயிடும்'னு சொல்லி இத ஆர்டர் பண்ணாங்க. நீங்க நிக்கிற அன்னிக்குக் குடுக்கணும்னு வெச்சிருந்தாங்க."

பெட்டிக்குள் கறுப்பு ஷூ ஒரு ஜோடி. தனக்கு வந்ததைத் தானே சுமந்து மூன்று மாடி ஏறி, வாசலில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்.

"அளவு தெரியுமாம்மான்னு கேட்டேன். 'எனக்குத் தெரியாதா, எட்டு'ன்னாங்க."

எட்டுதான். அம்மாவும் அக்காவும் அவரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் எட்டு. அவருடைய முதல் வேலைக்கு ஷூ வாங்கிக் கொடுத்ததே அக்காதான். அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் நடந்து நடந்து பாதம் விரிந்து ஒன்பதாகிவிட்டது. அது அக்காவுக்கு எப்படித் தெரியும்? படத்தில் நுனிதானே விழுந்தது.

காலைத் திணித்து மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"சரியா இருக்கா மாமா? இல்லன்னா சொல்லுங்க, மாத்திக்கிற டைம் இன்னும் முடியல."

"அளவெடுத்த மாதிரி இருக்கும்மா" என்றார்.

சில நாளில் குதிகாலில் கொப்புளம் கட்டி உடைந்தது. காலையில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காலை உள்ளே தள்ளுவதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சைஸ் பெருசா மாத்திக்கலாமே. தினம் ஊருக்கெல்லாம் மாத்திக் குடுக்கிறீங்க."

"மாத்தணும்னா வாங்கினவங்கதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.