குடும்பத்துக்கு ஒரு ஓட்டு

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ஆஸ்டினிலிருந்து வந்த மகள், தன்னோடு கல்லூரியில் படிக்கும் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஒருத்தி நெதர்லாந்துக்காரி, ஒருவன் ஸ்லோவேனியாக்காரன். ஒரு வருடம் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள். நாலு நாள் விடுதியில் தனியாக என்ன செய்வார்கள் என்று இவளுக்குப் பாவமாக இருந்ததாம். எங்கள் வீட்டில் வான்கோழி கிடையாது என்பதை வழியிலேயே சொல்லிவைத்திருக்கிறாள். இருவரும் வெங்காய சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது.

அந்த நாட்களில், டல்லாஸுக்குப் பக்கத்தில் காப்பெலில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதி என் காகிதங்களுக்குத்தான். எங்கள் வட்டாரத்தில் மூன்று சின்னத் தமிழ்ச் சங்கங்கள் இருந்தன. மூன்றும் ஒரே சனிக்கிழமையில் பொங்கல் விழா வைக்கும். ஒரே பள்ளிக்கூட அரங்கத்துக்கு அடித்துக்கொள்ளும். இந்தக் கூத்து போதும், மூன்றும் ஒரே சட்டதிட்டத்தின் கீழ் வரட்டும் என்று ஒரு குழு போட்டார்கள். குழுவில் ஏழு பேர். எழுதியது நான் ஒருத்தி. மற்ற ஆறு பேர் வாட்ஸாப்பில் கட்டைவிரல் காட்டினார்கள். ஆறு மாதம் உட்கார்ந்து நாற்பத்தோரு பிரிவு எழுதியிருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

"அம்மா ஈஸ் ரைட்டிங் அ கான்ஸ்டிட்யூஷன்" என்று மகள் கிண்டலாகச் சொன்னதும் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வகுப்பில் அதே விஷயத்தைப் பற்றித்தான் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்களாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அரசியல் சட்டம் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றாள் அவள். வேண்டாம் என்றான் அவன். ஆஸ்டினிலிருந்து மூன்றரை மணி நேரமும் இதே சண்டைதான் என்று மகள் கண்ணை உருட்டினாள்.

அந்தப் பெண்ணின் வீடு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சைக்கிளில் பக்கத்து நாட்டுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். அம்மாவுக்கு அந்தப் பக்கம் வேலை, அப்பாவுக்கு இந்தப் பக்கம். "எங்கள் உரிமை எந்தப் பக்கத்தில் என்ன என்று தெரிந்துகொள்ள வக்கீலிடம் போக வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில், எனக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்தால் என்ன?" என்றாள்.

"யார் எழுதுவார்கள்?" என்று அவன் கேட்டான். "பெரிய நாடுகள் எழுதும். நாங்கள் மொழிபெயர்த்துப் படிப்போம்." டல்லாஸும் சுற்றியிருக்கும் ஊர்களும் சேர்ந்தால் அவன் நாட்டைவிட ஜனம் அதிகம். தலையை எண்ணி முடிவெடுத்தால் தன் நாடு இருக்கிறதா என்றுகூட யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றான். பிறகு அவளைச் சீண்டினான்: "ஒரு தடவை எழுதித்தான் பார்த்தார்கள். கவிழ்த்தது யார்? உங்கள் ஊர்க்காரர்களும்தானே?"

அவள் சிரித்தாள். அந்த வாக்கெடுப்பின்போது அவள் கைக்குழந்தையாம். அப்பா எதிர்த்துப் போட்டார், அம்மா ஆதரித்துப் போட்டாள், இன்றைக்கும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அந்தச் சண்டை வரும் என்றாள். ஒரே வீட்டில் இப்படி இரண்டு ஓட்டா என்று எனக்கு அப்போது வேடிக்கையாக மட்டும்தான் இருந்தது.

அந்தப் பையன் பேசியது அப்படியே எங்கள் மூன்றாவது சங்கத் தலைவர் பேச்சு. அவர்களிடம் அறுபது உறுப்பினர்தான். பெரிய சங்கங்கள் விழுங்கிவிடும் என்று ஆறு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அதற்காகவே ஒன்பதாம் பிரிவை எழுதியிருந்தேன்: எந்தப் பெரிய முடிவுக்கும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் வேண்டும், அதோடு மூன்று சங்கங்களில் குறைந்தது இரண்டு சம்மதிக்க வேண்டும். அவனுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டவன், ஐரோப்பாவுக்குச் சட்டம் எழுத நீங்கள் பிரஸ்ஸல்ஸுக்கே போகலாம் என்றான். நான் பூரித்துப்போய் அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பாயசம் விட்டேன்.

அந்தப் பெண் மட்டும் ஆங்கிலப் பிரதியைக் கையில் வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நாலாம் பிரிவில் நின்றாள். இதில் உறுப்பினர் என்றால் யார் என்று கேட்டாள்.

நான் விளக்கினேன். குடும்ப உறுப்பினர், தனிநபர் உறுப்பினர் என்று இரண்டு வகை. குடும்பத்துக்கு ஒரு ஓட்டு, தனிநபருக்கு ஒரு ஓட்டு.

"அப்படியென்றால் ஒரே அபார்ட்மெண்டில் நாலு இளைஞர்கள் தங்கியிருந்தால்?"

"நாலு ஓட்டு."

"இந்த வீட்டில்?"

"ஒன்று."

"அதை யார் போடுவார்கள்?"

என் கணவர் மேஜையின் அந்தக் கோடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவள் காகிதத்தை ஒழுங்காக அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மகள் இங்கே பிறந்தவள். முதல் ஓட்டுப் போட்ட அன்று 'நான் ஓட்டுப் போட்டேன்' என்ற ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிப் படம் அனுப்பினாள். அந்த இருவருக்கும் ஊரிலிருந்து தபாலில் ஓட்டுச்சீட்டு வரும். நான் கடைசியாக ஓட்டுப் போட்டது கல்யாணத்துக்கு முன்னால், சென்னையில். கிரீன் கார்டு வரிசையில் பதினாறு வருடமாக நிற்கிறோம். இந்த நாட்டில் எனக்கு ஓட்டு இல்லை. அந்த நாட்டில் போட வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும். மிச்சம் இருந்தது சங்கம் ஒன்றுதான். அங்கேயும் எனக்கு ஓட்டு இல்லை என்று நானே என் கையால் டைப் அடித்திருக்கிறேன். பழைய விதியை அப்படியே எடுத்து ஒட்டியபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரொம்ப வெட்கமாக இருந்தது.

பிள்ளைகள் கடைக்குப் போனதும் கணவரிடம் கேட்டேன்.

"போன சங்க எலெக்‌ஷன்ல பிரசிடெண்டுக்கு யாருக்குப் போட்டீங்க?"

"உன்னைக் கேட்டுட்டுத்தானே எப்பவும் போடுவேன்?"

"என்னை எப்போ கேட்டீங்க? நான் உள்ளே வடை தட்டிண்டிருந்தேன்."

"அப்படியா? ஞாபகமில்லையே" என்று ஆரஞ்சுத் தோலைக் குப்பையில் போடப் போனார்.

மறுநாளே நாலாம் பிரிவைத் திருத்தி, பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு என்று குழுவுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை கட்டைவிரல் ஒன்றும் வரவில்லை. குழுத் தலைவர் போன் பண்ணினார். நாங்கள் அங்கிள் என்று கூப்பிடும் மனிதர், நல்லவர்.

"ஏம்மா, இப்போ இதைத் தொட்டா எல்லாம் கவுந்துடும்மா. ஓட்டுக் கணக்கு மாறுதுன்னு அந்த அறுபது பேரும் எழுந்து போயிடுவாங்க. முதல்ல பாஸ் பண்ணிடுவோம், அப்புறமா அமெண்ட் பண்ணிக்கலாம்."

"அப்புறமா அமெண்ட் பண்ண யார் ஓட்டுப் போடுவா அங்கிள்?"

"ஃபேமிலிதான்மா."

"சரி, நானே ஜெனரல் பாடியில கேட்டுக்கறேன்."

"ஓட்டு இருக்கறவங்கதானேம்மா திருத்தம் கொண்டு வரலாம்? நீ எழுதினதுதானே" என்றார். அவர் சொன்னது சரி. அதுவும் பழைய விதியிலிருந்து நான் எடுத்து ஒட்டியதுதான்.

அன்று முழுக்க எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் அந்த விதிகளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. தனிநபர் என்றால் கல்யாணம் ஆகாதவர் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஜனவரியில் உறுப்பினர் புதுப்பிக்கும் நேரம் வந்ததும் இணையதளத்தில் தனிநபர் படிவத்தைத் திறந்து என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. முதலில் தமிழ்ப் பள்ளியில் என்னோடு பாடம் எடுக்கும் தோழி. "ஏய், வீட்ல எல்லாம் ஓகேதானே? சிங்கிள் மெம்பர்ஷிப் எடுத்திருக்கியாம்?" அப்புறம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆண்ட்டி, தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருத்தர் இருக்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவருக்கு வரவில்லை. "ஆபீஸ்ல ஒருத்தன் என் தோளைத் தட்டிக் கொடுக்கறான். என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காகப் படிவத்தைத் திரும்ப வாங்கத் தோன்றவில்லை.

பொதுக்குழு ஒரு பள்ளிக்கூட கேஃபடீரியாவில் நடந்தது. வாசல் மேஜையில் சங்கத்துக்கு ஒரு நிறத்தில் அட்டை கொடுத்தார்கள். எங்களுடையது மஞ்சள். கணவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்ட பெண்ணிடம் என் பெயரையும் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை பட்டியலைப் பார்த்தாள், இரண்டு தடவை என்னைப் பார்த்தாள், பிறகு ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினாள். சாதாரண அட்டைதான், ஓரம்கூட நேராக வெட்டவில்லை. அதை இரண்டு கையாலும் வாங்கினேன்.

திருத்தத்தை நான் எழுந்து கொண்டுவந்தேன். ஆதரிப்பவர்கள் அட்டையைத் தூக்கும்படி அங்கிள் மைக்கில் சொன்னார். தூக்கினேன். எதிர்ப்பவர்கள் என்றார். எனக்கு இடது பக்கத்து நாற்காலியில் ஒரு மஞ்சள் அட்டை மெதுவாக, காது உயரத்துக்குக் கிளம்பியது. என் கணவர் நேராக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் தோற்றேன். பிறகு மொத்தச் சட்டதிட்டமும் வாக்கெடுப்புக்கு வந்தது. இருவருமே ஆதரித்துத் தூக்கினோம். அது நிறைவேறியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கார் ஃப்ரீவேயில் ஏறியதும் கேட்டேன்.

"என்னைக் கேட்டுட்டுத்தானே எப்பவும் போடுவீங்க?"

அவர் கண்ணாடியைப் பார்த்து லேன் மாறினார். "இப்ப தொட்டா கவுந்துடும்னு அங்கிள் சொன்னது சரின்னு எனக்குத் தோணித்து. உனக்குன்னு கார்டு இருக்கே. அப்போ என்னுது என்னுதுதானே?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் எங்கள் வீட்டு ஓட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எந்தப் பக்கம் போனதோ, தெரியாது. இன்றைக்குத் தெரிந்தது. கூட்டிக் கழித்தால் அவர் அட்டையும் என் அட்டையும் சேர்ந்து பூஜ்யம்தான். ஆனால் போன வருடம் வரை அந்தக் கணக்கில் நான் இல்லவே இல்லை.

"அடுத்த வருஷமும் இதைக் கொண்டு வருவேன்" என்றேன்.

"கொண்டு வா" என்றார். "எனக்கும் யோசிக்க ஒரு வருஷம் இருக்கு."