சுருதி போட்ட சிஸ்டர்

அரக்கு நிறப் பட்டுப் புடவை, தலையில் ஒரு முழம் மல்லிகை, இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்த வயலின் பெட்டி. சிஸ்டர் எங்கள் வயலின் வாத்தியார் வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றிய அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சரஸ்வதி பூஜை மாலை அது. மைசூரில் தசராக் கூட்டம். டவுன் பஸ் கிடைக்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்திருந்தார். டியூட்டியை மாற்றிக்கொள்ள முடியாமல் வராமலே போய்விடுவார் என்று நம்பியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், முப்பத்தெட்டு வயதில் நான் வயலின் கற்கச் சேர்ந்தேன். பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சரஸ்வதிபுரத்தில் தன் வீட்டு முன்னறையில் வகுப்பு நடத்தியவரை எல்லோரும் கன்னட வழக்கப்படி மேஷ்ட்ரு, அதாவது வாத்தியார், என்றே கூப்பிடுவோம். கற்க வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அதில் ஒருத்தி என் வகுப்பு மாணவி. அவள் பிசிறில்லாமல் வாசித்து முடித்த பிறகு என் முறை வரும். என் வில் கதவுக் கீல் போலக் கிறீச்சிடும். அரைமணி சம்மணமிட்டால் கால் மரத்துப்போகும். மாதம் ஒருமுறையாவது விட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படியும் விடாமல் போனதற்குக் காரணம், உண்மையைச் சொன்னால், சிஸ்டர்தான். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது நர்ஸ். என்னைவிட மோசமாக வாசிப்பார். அவர் இருக்கும்வரை அந்த அறையில் நான் கடைசி ஆள் இல்லை.

பூஜையன்று பெரியவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு கீதம் வாசிக்கட்டும் என்று மேஷ்ட்ரு சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் சிஸ்டர் என் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருடைய மூன்றாவது விரல் தந்தியில் எப்போதும் ஒரு மயிரிழை கீழே விழும். சலிக்காமல், "இன்னொருக்காப் பார்த்தரலாமுங்க டீச்சர்" என்பார். எனக்கோ பூஜைக்கு வரப்போகும் எங்கள் தலைமையாசிரியையின் முகமே கண்ணுக்குள் நின்றது. பூஜைக்கு ஒரு வாரம் முன்பு மேஷ்ட்ருவைத் தனியே பார்த்தேன். சிஸ்டருக்குச் சபைக்கூச்சம், உங்களிடம் சொல்லத் தயங்குகிறார், என்னைச் சொல்லச் சொன்னார் என்றேன். அவர் நம்பி, நான் மட்டும் வாசிக்கலாம் என்றார். நவராத்திரிக்காக அந்த வாரம் வகுப்பு இல்லாததால் விஷயம் தெரியாமல் அடுத்த ஞாயிறும் சிஸ்டர் வந்தார். ஒன்றும் நடக்காதது போல அவரோடு உட்கார்ந்து பயிற்சி செய்தேன்.

பூஜையன்று மேஷ்ட்ரு அவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். கூச்சமாக இருக்கிறது என்று டீச்சர் சொன்னாரே, மனசு மாறிவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். காய்ச்சல் எவ்வளவு என்று பார்ப்பவரைப் போல நிதானமாகப் பார்த்தார்.

"டீச்சர் சொன்னது சரிதானுங்க. அவங்க வாசிக்கட்டும், நான் சுருதி போடறேன்."

வயலின் பெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சுருதிப் பெட்டியுடன் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். இரண்டாவது வரியில் அடுத்த சுரம் எதுவென்றே மறந்து வில் நின்றது. அப்போது பின்னாலிருந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, சிஸ்டரின் குரல் அந்தச் சுரங்களை முணுமுணுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். கைதட்டினார்கள். தலைமையாசிரியை என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அதன் பிறகு மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். வயலினை விட்டுவிடுவதென்றே தீர்மானித்திருந்தேன். ஒரு மத்தியானம் டியூட்டி முடிந்து, வெள்ளைச் சீருடையோடு சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்திருக்கும்போது, "நீங்க இல்லாம எனக்குத் துணையில்லைங்க டீச்சர். நாளைக்கு வந்துருங்க" என்றார். போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு வகுப்பிலும் நினைப்பேன், கேட்கவில்லை.

மறுவருஷம் அவருக்குக் கொள்ளேகாலுக்கு மாற்றலானது. அவர் போன பிறகு வகுப்பில் நான்தான் கடைசி. இரண்டு வாரத்தில் தாங்க முடியாமல், நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்ல மேஷ்ட்ருவிடம் போனேன். போனதும் வாயில் வந்தது அதுவல்ல. அந்தப் பொய்யை முழுவதும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கு அன்றைக்கே சந்தேகம்தான். உங்களிடம் கேட்கவே இருந்தேன். சிஸ்டர்தான் தடுத்தார். கேட்டால் டீச்சர் வயலினை நிறுத்திவிடுவார், விடுங்கள் என்றார்."

அதற்கு மேல் என்னால் நிறுத்துகிறேன் என்று சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவென்று சிஸ்டருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டிலும் புதிதாகக் கற்ற பாட்டைப் பற்றித்தான் எழுத வந்தது. இன்றும் வாசிக்கிறேன், சுமாராகத்தான். அந்த வயதில் தொடங்கி எப்படி விடாமல் இருக்கிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம், ஆசைதான் என்று சொல்லிவைக்கிறேன். அதுவும் முழு உண்மையில்லை.