பிழை நின்ற வரி

பெங் யூலானுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சின்சு நகரின் தொழிற்பேட்டையில், மீன் குளங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் எங்கள் சிறிய நிறுவனத்தில் நானும் அவளும் ஒரே வருடம் சேர்ந்தோம். நான் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையை வடிவமைப்பவன். அவள் மென்பொருள் எழுதுபவள். அதிகம் பேசமாட்டாள்.

பெட்டிக்குள் லினக்ஸ் ஓடும் பிராசஸர் ஒன்று. அதன் பக்கத்தில் எங்களுடைய சில்லு ஒன்று. தண்ணீரில் ஆக்சிஜனை அளப்பதும் காற்றைக் கலக்கும் நீர்ச்சக்கரங்களைச் சுற்றவிடுவதும் சில்லின் வேலை. இரண்டும் பேசிக்கொள்ளும் தடத்துக்குப் பெயர் பஸ். பேச வைக்கும் மென்பொருள் டிரைவர்.

அந்தக் கோடையில் பெட்டிகள் சில நாளுக்கு ஒருமுறை 'பஸ் எரர்' என்று பதிவு செய்துவிட்டு நின்றுபோயின. நாற்பது நொடியில் தாமாகவே எழுந்துகொள்ளும் என்பதால் முதலில் யாரும் பதறவில்லை. ஆகஸ்டில் பிங்டுங் பக்கத்துக் குளம் ஒன்றில் பெட்டி எழுந்தது, சக்கரங்கள் எழவில்லை. ஒரு குளம் களவா மீன் முழுவதும் செத்து மிதந்தது.

குளத்துக்காரர் போனில் கத்தவில்லை. "உங்க பெட்டி செத்துச் செத்துப் பொழைக்கும்மா. என் மீனுக்கு அது தெரியாதே" என்றார். யூலான் "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

ஒவ்வொரு பதிவும் டிரைவரில் ஒரே இடத்தைக் காட்டியது: ஆக்சிஜன் அளவைப் படிக்கும் பகுதி. அதை எழுதியவன் குவோ ஷிமிங், முப்பத்தொரு வயது.

"நான் எழுதின கோடுல தப்பில்லக்கா. பலகையிலதான் ஏதோ இருக்கு" என்றான் யூலானிடம், என்னைப் பார்த்தபடி.

"ரெண்டு வாரமா ஒவ்வொரு கம்பியா அளந்துட்டேன். என் பலகை உன்னவிட ஒழுங்காத்தான் இருக்கு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் ஹுவாங் சிரிக்கவில்லை. மாதக் கடைசியில் ஷிமிங்கைக் கீழ்த்தளத்துச் சோதனைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு, அவனிடமிருந்த டிரைவர் வேலையை யூலானிடம் கொடுத்தார்.

அவள் முதலில் ஷிமிங் எழுதிய பகுதியை முழுவதுமாக எடுத்துவிட்டு ஆறு பெட்டிகளை ஓடவிட்டாள். நான்காம் நாள் பஸ் எரர் வந்தது. இந்தமுறை பதிவு காட்டியது, திரையில் மணி காட்டும் பகுதியை.

"கடிகாரம் பஸ் பக்கமே போகாதே" என்றேன்.

"அதான்" என்றாள். "பிராசஸர் கட்டளையை எழுதி அனுப்பிட்டு, பதிலுக்கு நிக்காம அடுத்த வேலைக்குப் போயிடுது. அனுப்பினது கெட்டுப்போச்சுன்னு சேதி வர்றப்போ வேற யாரோ வேலை செஞ்சுட்டிருக்காங்க. பழி அவங்க மேல. ஷிமிங்கோடதுதான் எந்நேரமும் ஓடும், அதனால அவனே மாட்டியிருக்கான்."

பிறகு டிரைவரில் எழுதும் இடம் ஒவ்வொன்றிலும், எழுதியவுடன் சில்லிலிருந்து ஒரு மதிப்பைத் திரும்பப் படிக்க வைத்தாள். படிக்க வேண்டுமென்றால் பதில் வரும்வரை பிராசஸர் நின்றே ஆகவேண்டும். தப்பும் தன் இடத்திலேயே நிற்கும். பெட்டியின் வேகம் பாதியானது. ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிழை ஒரு வரியில் நின்றது.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, வேலை இல்லாதபோது சில்லைத் தூங்கவைக்கும் பகுதி அது. கடைசிக் கட்டளை சில்லைச் சேரும் முன்பே சில சமயம் அதை இயக்கும் மின்துடிப்பை நிறுத்திவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன் எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது: பெங் யூலான்.

அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு கீழே போய் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து, மேலாளரின் கதவைத் தட்டினாள்.

"மென்பொருள் திருத்தம்னு அறிக்கைல போட்டா போதும்மா. பேரெல்லாம் எதுக்கு?" என்றார் ஹுவாங்.

"ஷிமிங்க மாத்தினப்ப பேரு போட்டுத்தானே மாத்தினீங்க?"

அவர் அவள் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

சோதனைக் கூடத்தில் ஷிமிங் பெட்டிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். யூலான் எதிரில் நின்றே சொன்னாள். "தப்பு என்னுதுப்பா. உன் கோடுல ஒண்ணுமில்ல."

அவன் இன்னும் இரண்டு திருகாணி முடுக்கினான். "பழி விழுந்து எட்டு வாரம்க்கா. எனக்கே என் கோடு மேல சந்தேகம் வந்துடுச்சு. வீட்ல உக்காந்து வரிவரியா படிச்சேன்."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது."

அவள் மறுக்கவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

"நீங்க எழுதினதெல்லாம் நான் படிக்கணும். ஆரம்பத்துலேருந்து. நீங்க பக்கத்துல உக்காரணும்."

திருத்தம் ஒரே வரிதான். அந்த வாரமே எல்லாக் குளங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஷிமிங் மாடிக்குத் திரும்பினான். யூலான் பதினோரு நாள் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவன் மேலும் இரண்டு தப்புகள் கண்டுபிடித்தான். அவற்றால் அதுவரை எந்தக் குளமும் சாகவில்லை.