துண்டில்லாமல் வந்த பிள்ளை

கண்டி நகரத்து அரசினர் வைத்தியசாலையில், நோயாளரை அனுமதிக்கும் பிரிவில், எழுதுவினைஞனாக என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன். தமிழிலக்கியத்தை முறையாகக் கற்ற ஒருவன் சாளரத்தின் பின்னே அமர்ந்து பெயரும் வயதும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டிருப்பது வீண் என்று உறவினர் சிலர் இரங்கினர். நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த என் தந்தைக்கும் அந்த மனக்குறை உண்டு. எனக்கு இருந்ததில்லை. நோயுற்ற பிள்ளையோடு அச்சாளரத்தின் முன்னால் நின்ற ஒருவரிடமேனும், கொடுப்பதற்கு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்குமாறு எனக்கு எவரும் கட்டளையிட்டதில்லை. சிறிய நாடு, வருவாய் குறைந்த நாடு. ஆயினும் அது தன் பிள்ளைகளுக்கு வைத்தியத்தை விலையின்றி வழங்கியது. அந்த ஏற்பாட்டில் எனக்கும் அமர ஒரு கதிரை இருந்தது. இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நிகழ்ந்ததொன்றை இங்கே எழுதுகிறேன். தேயிலைத் தோட்டங்கள் கம்பனிகளின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. உடைமை மாறிய வேகத்தில் வழக்கங்கள் மாறிவிடவில்லை. தோட்டத் தொழிலாளருள் பலருக்கு நாட்டின் பிரஜாவுரிமையும் இன்னும் கிடைத்திருக்கவில்லை. தோட்டத்தில் ஒருவருக்கு நோய் வந்தால் முதலில் தோட்டத்து மருந்துச்சாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே இருந்த மருந்தாளரை எல்லோரும் ‘டாக்டரையா’ என்றே அழைத்தனர். தம்மால் ஆகாத நோயென்று கண்டால் அவர் ஒரு துண்டு எழுதித் தருவார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நகரத்து வைத்தியசாலைக்கு வருவார்கள். தோட்டத்து வாழ்க்கையில் துண்டில்லாமல் நடந்த காரியம் அரிது. விடுப்புக்குத் துண்டு, விறகு எடுக்கத் துண்டு, கூரையின் ஒழுகும் தகரத்தை மாற்றத் துண்டு, விருந்தினர் ஒருவர் லயம் எனும் வரிசை வீட்டில் தங்குவதற்கும் துண்டு. எனவே வைத்தியசாலையின் வாயிலும் துண்டுக்குத்தான் திறக்கும் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

உண்மையில் அப்படியொரு விதி இருக்கவில்லை. துண்டு நோயின் விவரத்தைக் கூறும் துணைக்குறிப்பு. வந்தால் வைத்தியரிடம் சேர்ப்போம், வராவிட்டால் வைத்தியர் பிள்ளையை நேரில் பார்த்து அறிந்துகொள்வார். வாயிலுக்கு உட்புறம் பணியாற்றிய எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். வெளிப்புறம் நின்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எங்களில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. தெரிந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தோம்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை பணிக்குச் சென்றபோது, வாயிலுக்கு எதிரே, வீதியின் மறுபக்கத்து மரத்தடியில் இளம் தம்பதியர் அமர்ந்திருந்ததைக் கண்டேன். மூன்று வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளையைக் கறுப்புக் கம்பளியில் சுற்றித் தாய் மடியில் கிடத்தியிருந்தாள். நோயாளரைப் பார்க்க வந்தவர்கள், நேரம் வரும்வரை காத்திருக்கிறார்கள் என்று எண்ணி உள்ளே சென்றுவிட்டேன். முற்பகலில் தேநீர் அருந்த வெளியே வந்தபோதும் அவர்கள் அங்கேயே இருந்தனர். அப்போது பிள்ளை மூச்சு விடும் ஒலி என் காதில் விழுந்தது. ஈரவிறகு எரியும்போது எழுமே, அப்படியொரு ஒலி.

“எந்த ஊர்?” என்று பிள்ளையின் தந்தையைக் கேட்டேன்.

அவர் எழுந்து நின்றார். “கலஹாவுக்கு மேலங்க ஐயா. மொத பஸ்ஸுல வந்தோம்.”

“பிள்ளைக்கு என்ன?”

“காச்சலுங்க. நேத்துலேர்ந்து மூச்சு வாங்குது.”

“அவ்வளவு வெள்ளென வந்தவர்கள் ஏன் இன்னும் வெளியே இருக்கிறீர்கள்?”

“துண்டு வரணுங்களே. டாக்டரையா தங்கச்சி கல்யாணத்துக்கு மாத்தளைக்குப் போயிட்டாரு. எந்தம்பி அங்க தேடிப் போயிருக்கான். வாங்கிக்கிட்டு நேரா இங்க வந்துருவான்.”

“இது அரசினர் வைத்தியசாலை. இங்கே சிகிச்சை பெறும் உரிமை யாவர்க்கும் பொது. துண்டு இன்றியமையாததன்று” என்றேன்.

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். “யாவர்க்கும்னா, தோட்டத்து ஆளுங்களுக்குமாங்க?”

“ஆம்.”

“பிரஜாவுரிமை இல்லாதவங்களுக்கும்?”

“அவர்களுக்கும்தான்.”

“அப்ப ஏங்க ஐயா எங்க தோட்டத்துல ஒருத்தருகூட துண்டில்லாம வந்ததில்ல?”

பிறகு அவரே தம் கருத்தைப் பொறுமையாக எனக்கு விளக்கினார். “துண்டில்லாம உள்ள போவோம். அவங்க திருப்பி அனுப்பிட்டாங்கன்னு வைங்க. பொறவு துண்டோட வந்தாலும் சேக்க மாட்டாங்க. ஒரு தடவதாங்க கேக்க முடியும்.” மகளைக் காப்பாற்றும் ஒரே வாய்ப்பை அவசரத்தில் இழந்துவிடக் கூடாதென்றே அவர் மரத்தடியில் அமர்ந்திருந்தார். அவர் வாழ்ந்த தோட்டத்தில் அந்தக் கணக்குச் சரியானது. தோட்ட நிர்வாகியான துரை ஒருமுறை இல்லையென்று சொன்னதை அங்கே எவரும் மறுமுறை கேட்பதில்லை. ஆனால் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தாள்.

எங்கள் வைத்தியசாலைப் பிள்ளைகள் விடுதியின் மூத்த தாதி அவ்வேளையில் மரத்தடியை அடுத்திருந்த தேநீர்க் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தவர், எவருக்கும் அஞ்சாதவர்.

“என்ன, இதில பெரிய மகாநாடு நடக்குது?”

“துண்டுக்காகக் காத்திருக்கிறார்கள்” என்றேன்.

அவர் குனிந்து கம்பளியை விலக்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலாப்புறம் குழிந்து எழுந்தது. “ஐயோ, நெஞ்சு உள்ளுக்க இழுக்குது. துண்டும் மண்ணாங்கட்டியும்! எழும்புங்கோ அம்மா, என்னோட வாங்கோ. ஆரும் உங்களை ஒண்டும் கேக்கமாட்டினம்.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் உங்கட பிரசங்கத்தை முடிச்சுப்போட்டு ஆறுதலா வாங்கோ, ஐயா. சீட்டுப் பிறகு எழுதலாம்” என்றார்.

தாய் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் வாயிலைப் பார்த்தார். தாதியின் கை நீட்டியபடியே இருந்தது. பிள்ளை இருமி, இருமல் முடியாமல் திணறினாள். தாய் எழுந்துவிட்டாள்.

“நீங்க துண்டுக்கு நில்லுங்க. நா புள்ளையோட போறேன்.”

இரு பெண்களும் வீதியைக் கடந்தனர். கலகெதர ஊர்ச் சிங்களவரான வாயிற்காவலர், கேள்வி ஏதுமின்றி, “யன்ன, யன்ன” என்று கையால் வழிகாட்டி ஒதுங்கி நின்றார். போ, போ என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருளில்லை. எனினும் அந்தத் தாய் ஒருகணம் நின்று அவரைத் திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன்.

கடுமையான நெஞ்சுச் சளிக்காய்ச்சல் என்று வைத்தியர் கூறினார். பிராணவாயு கொடுத்தார்கள், ஊசி ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று தாதியிடம் மெல்லக் கேட்டேன். “இப்ப ஒண்டும் சொல்லேலாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

தந்தை உள்ளே வரவில்லை. மதியம் நான் சென்று அழைத்தபோதும் மறுத்தார். “நா உள்ள இருந்தா எந்தம்பி எங்கன்னு தேடுவான்? துண்டு வந்ததும் கொண்டாந்து குடுத்துட்டா, புள்ளைக்கு ஒரு பயமும் இல்லீங்களே.” துண்டில்லாமல் பெற்ற இடம் எந்நேரமும் பறிபோகலாம் என்றே அவர் நினைத்தார். மழை வலுத்தபோது காவலர் அவரைத் தம் சிறுகூண்டுக்குள் இழுத்து நிறுத்தித் தம் சுடுநீர்க் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஓரிரு சொற்களே இருந்தன. அவற்றைக் கொண்டே அப்பிற்பகலைக் கழித்தனர்.

மாலையில் தம்பி வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். திருமண வீட்டார் மாப்பிள்ளையின் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்களாம். மருந்தாளரும் அவர்களோடு சென்றுவிட்டாராம். அண்ணன் தம்பி இருவரும் நனைந்த உடையோடு, பிடிபட்டவர்களைப் போல என் சாளரத்தின் முன்னால் வந்து நின்றனர்.

“துண்டு கெடைக்கலைங்க ஐயா” என்றார் தந்தை. “புள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிரவா?”

எத்தனையோ ஆயிரம் பேர் அச்சாளரத்தில் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்கள் பேசியவற்றுள் பெரும்பாலானவை மறந்துபோயின. இக்கேள்வி மறக்கவில்லை. என் செந்தமிழை அன்று நான் பயன்படுத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “வாங்க” என்று மட்டும் சொல்லி, அவர் கையைப் பிடித்து விடுதிக்கு அழைத்துச் சென்றேன்.

வெள்ளை விரிப்பில் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தாள். மூக்கருகே குழாய். தாய் கட்டிலின் அருகே கதிரையில் அமர்ந்திருந்தாள். கணவனைக் கண்டதும் முதலில் எழ முயன்று, பின் எழாமலே பேசினாள். “இங்க என்னா கேட்டாங்க தெரியுமா? புள்ள கடைசியா எப்பப் பால் குடிச்சான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.”

“துண்டு?”

“அது யாருக்கு வேணும்?” என்றாள் அவள், அரைநாளில் அந்த விடுதிக்குச் சொந்தக்காரியாகிவிட்டவளைப் போல.

அடுத்த சில நாள்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியும் இறங்கியும் எங்கள் எல்லோரையும் வருத்தியது. பணி முடிந்து வீடு செல்லுமுன் விடுதியை எட்டிப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. ஒருநாள் வாசலிலேயே தாதி கட்டுப்போட்ட விரலை எனக்குக் காட்டினார். “உங்கட கலஹாக்காரி மருந்து பருக்கேக்க கடிச்சுப்போட்டாள். இனி ஒரு பயமும் இல்லை. கடிக்கிற பிள்ளை சாகாது!” அன்று வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் கண்டிக் குளத்தங்கரைக் காற்று எனக்கு மட்டுமே வீசியது போலிருந்தது.

இதன் பிறகு நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். வாயிலில் தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்க வைத்தியசாலைப் பொறுப்பாளரிடம் ஒப்புதல் பெற்றேன். ‘நோயுற்ற மகவை ஏந்தி வருவோர் எவராயினும் தடையின்றி உட்புகுக’ என்று எழுதித் தாதியிடம் காட்டினேன்.

“ஐயா, இது கோயில் கோபுரத்தில வெட்டுறதுக்கோ?” என்று கேட்டார் அவர்.

திருத்தினேன். பலமுறை திருத்தினேன். முடிவில் நின்றது இது: ‘பிள்ளைக்குச் சுகமில்லையா? உள்ளே வாருங்கள். துண்டு தேவையில்லை.’ நான் கற்ற யாப்பும் அணியும் இவ்வரிகளில் இல்லை. என்றாலும் என் எழுத்துகளுள் எதைப் பெரிதாக மதிக்கிறாய் என்று கேட்டால் இவற்றையே காட்டுவேன்.

பலகையால் உடனே பயன் விளைந்துவிடவில்லை. மரத்தடியில் மீண்டும் சிலர் அமர்ந்திருந்தனர். சிலருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்களோ, அது வேறு யாருக்கோ எழுதியது என்று எண்ணினர்.

என் மகள் இப்போது அமெரிக்காவில், மிகப் பெரிய மாநிலமொன்றில் வாழ்கிறாள். அங்கே வைத்தியச் செலவுக்கு முன்கூட்டியே காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசே காப்புறுதி அளிக்கும் திட்டங்களும் உண்டு. அவள் ஓய்வுநாள்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் அமர்ந்து, அத்திட்டங்களில் பிள்ளைகளைச் சேர்க்குமாறு பெற்றோருக்கு எடுத்துச் சொல்கிறாள். “சட்டத்துல இடமிருக்குப்பா. ஆனா நமக்கெல்லாம் கிடைக்காதுன்னு நெனச்சுப் பலபேர் வர்றதே இல்ல. சிலருக்குக் குடியுரிமைப் பயம்” என்று தொலைபேசியில் சொன்னாள். அவளுக்கு நான் அறிவுரை ஏதும் கூறவில்லை. கலஹாப் பிள்ளையின் தாயைப் பற்றிச் சொன்னேன். ஓர் அரசு நல்ல விதியொன்றை இயற்றுவது பெரிய செயல்தான். அவ்விதி தனக்கும் உரியதென்று ஒரு தாய் நம்பும்வரை அது பாதி வழியிலேயே நிற்கிறது. மீதி வழியை எங்கள் ஊரில் யார் கடக்கவைத்தார் என்பதை அவளும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். கலஹாப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிச் சில வாரங்கள் கழிந்திருக்கும். கலஹாப் பேருந்திலிருந்து பெண்கள் சிலர் பிள்ளைகளோடு இறங்கியதைச் சாளரத்தினூடே கண்டேன். அவர்கள் மரத்தடியை நோக்கிச் செல்லவில்லை. பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. முந்தானையால் கைக்குழந்தையை மூடியபடி முன்னால் வந்தவள், நான் வாய் திறக்குமுன்னே பேசத் தொடங்கினாள்.

“எங்ககிட்ட துண்டு கிண்டு ஒண்ணும் இல்லீங்க. நீங்க கேக்கவும் மாட்டீங்களாமே?”

“யார் சொன்னது?”

“எங்க லயத்துப் புள்ளதாங்க. நர்ஸ் நோனாவக் கடிச்ச புள்ளயோட அம்மா. பீலியில தண்ணி புடிக்க நிக்கிறப்ப ஒருத்தர விடாம சொல்றா. கொழுந்து நிறுக்குற எடத்துலயும் அதே பேச்சுதான். டாக்டரையா கூப்புட்டு வஞ்சாரு. ‘நீங்க கல்யாணத்துக்குப் போங்க ஐயா, நாங்க கண்டிக்குப் போறோம்’னுட்டா.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன். பின்பு குழந்தையின் வயதைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். ஊர்ப்பெயரை எழுதி முடிப்பதற்குள், உள்ளேயிருந்து வந்த தாதி குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.