செவ்வாய் பின்னால் நடந்த வருஷம்

என் மாமாவுக்கு எதன்மேலும் சந்தேகம். ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில் தராசை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் வாளியை வைக்கமாட்டார். தன் அக்கா கையால் ஊற்றிய தேத்தண்ணியையே மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அம்மாவுக்கு ஒரே தம்பி என்பதால் எங்கள் வீட்டில் இதெல்லாம் செல்லுபடியாயிற்று.

அப்படிப்பட்டவருக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் பெண். ரஹாங்கிலிருந்து வந்த சோதிடர், செவ்வாய் வக்ரமாகிப் பின்னால் நடக்கிறது, நேராகும்வரை தேதி குறிக்க முடியாது என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெண்வீட்டார் காலம் கடத்த அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்பது மாமாவின் முடிவு.

“நட்சத்திரத்துக்குக் காலா இருக்கு, திரும்பி நடக்க? நானே பாத்துடுறேன்லா அக்கா.”

அது வெள்ளைக்காரர் ஆட்சியில் போட்ட அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மாமா வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். பிறகு உள்ளே வந்து பலகைச் சுவரில் குறிப்பார். சித்திரை நட்சத்திரத்துக்குப் பெரிய சுண்ணாம்புப் புள்ளி ஒன்று. செவ்வாய் நிற்கும் இடத்துக்கு, செங்கல் துண்டால் வாரம் ஒரு சிவப்புப் புள்ளி. பார்வை கூர்மை என்று என்னையும் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்.

சித்திரையை விட்டு விலகிப் போக வேண்டிய செவ்வாய், வாரத்துக்கு வாரம் அதை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தது. சோதிடர் பொய் சொல்லவில்லை என்பதில் மாமாவுக்குப் பெரிய ஏமாற்றம். உடனே சந்தேகத்தைச் செவ்வாய்மேல் திருப்பினார். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது ஏன் திரும்ப வேண்டும்?

சுவரைப் பார்த்தவர்களில் யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மத்தியானம் போலீஸ் ஜீப் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி எங்கள் சுவரின் முன் வெகுநேரம் நின்றார். வெள்ளைப் புள்ளி தோட்டத்துத் துரையின் பங்களா, அதை நோக்கி நெருங்கி வரும் சிவப்புப் புள்ளிகள் காட்டு ஆட்கள் என்று அவருக்குப் பட்டுவிட்டது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அவருக்காகத் தமிழில் மாமாவிடம் கேட்டார்.

“இந்தச் செவப்பு யாருன்னு கேக்குறாரு.”

“செவ்வாய்ங்க. வானத்துல இருக்குங்களே, அது.”

“ஏன் வெள்ளைப் புள்ளிகிட்ட வருதாம்?”

“அதாங்க எனக்கும் புரியல.”

இந்தக் கடைசிப் பதில்தான் மாமாவை ஜீப்பில் ஏற்றியது. சாட்சிக்கென்று சுவர்ப் பலகையையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அம்மா அந்த ஓட்டையில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, கப்பலேற்றிவிடுவார்களோ என்று அழுதாள். அப்போது பிடிபட்ட பலரை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாமாவோ இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

மாமாவுக்குப் பதிலாக நான் வானத்தைப் பார்த்தேன். செவ்வாய் கொஞ்ச நாள் அசையாமல் நின்றது. பிறகு சித்திரையை விட்டு மெல்ல விலகி நேர்வழியில் போகத் தொடங்கியது. அதற்குச் சில நாள் கழித்து மாமா வந்துவிட்டார். இனிக் கல்யாணம்தான் என்று நான் குதித்தேன்.

ஆனால் லயத்தில் புதுச் சந்தேகம் முளைத்திருந்தது. அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டார்களே, யாரைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்? குழாயடிக்கு அவர் போனால் பேச்சு நின்றது. பெண்வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள். அப்பா அவர் இருக்கும்போது வாயையே திறக்கவில்லை. அம்மாகூடச் சோற்றைப் போட்டுவிட்டு மளமளவென்று குசினிக்குள் போய்விடுவாள். ஒருநாள் மாமா தகரப் பெட்டியோடு லோரியில் ஏறினார். எந்தத் தோட்டத்துக்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கோபமும் வந்தது.

பிறகு நான் சிரம்பானில் படித்தபோது வாத்தியார் ஒருநாள் விளக்கினார். செவ்வாய் ஒருபோதும் திரும்பியதில்லையாம். அது ஏன் பின்னால் நடக்கிறதென்று அந்தக் காலத்து அறிஞர்கள் வட்டத்துக்குள் வட்டம் போட்டுத் தலையை உடைத்துக்கொண்டார்களாம். சூரியனைச் சுற்றும் பாதையில் நம் பூமி வேகமாக அதைக் கடந்து போகிறது. நாம் கடந்து போவதால் அது பின்வாங்குவதுபோல் தெரிகிறது. அது பாட்டுக்குத் தன் வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இதை மாமாவிடம் சொல்ல வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது. எங்கே போய்ச் சொல்வது? எங்களை விட்டுப் போனவர் அவர்தான் என்று அன்றைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.