ராக்கெட் இறக்கை தேய்த்த நாட்கள்

மரம் தேய்க்கிற வேலையில் கை வலிப்பதற்கு முன்னால் மூக்கு அடைத்துக்கொள்ளும். வீட்டில் ஒரு ஸ்டூலுக்காவது உப்புத்தாள் போட்டவர்களுக்கு இது தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாடல் ராக்கெட் கிட் தயாரித்த ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு அந்த வேலை. தில்லியில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால்.

முதல் நாள்

முதலாளி மல்ஹோத்ராஜி ஒரு மர இறக்கையைக் கொடுத்து, உப்புத்தாளால் விளிம்பை உருட்டித் தேய்த்துக் காட்டச் சொன்னார். நான் அடிபிடித்த குக்கரைத் தேய்ப்பதுபோல ஒரு தேய் தேய்த்தேன். அவர் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. கோபப்படவில்லை, இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "பெஹன்ஜி, பாத்திரம் தேய்க்கிற கையைக் கிட்வாய் நகர் வீட்டுலயே விட்டுட்டு வாங்க."

வெள்ளைத் தூள்

ராக்கெட்டுக்கு பால்சா என்று ஒரு மரம். பஞ்சுபோல லேசு, தேய்த்தால் வெள்ளையாகப் பறக்கும். வேலை முடிந்து அப்படியே மளிகைக் கடைக்குப் போவேன். நம்மூர்க் கடைக்காரர் என் தலையையும் புடவையையும் ஒருநாள் உற்றுப் பார்த்தார். ராக்கெட், மரம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி மாமி, அரிசி மாவு மட்டும் வேற கடையில வாங்காதீங்க."

அப்பா போட்ட பாலிஷ்

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஓர் அப்பா, பெண்ணோடு வந்தார். மறுநாள் காலை அவள் பள்ளியில் ராக்கெட் விடுகிறார்கள். பெண் கிட்டை முடித்து வைத்திருக்க, இவர் ஆசையாக இன்னும் கொஞ்சம் வழவழப்பாக்கப்போய், இறக்கைகள் அப்பளமாகிவிட்டன. ஒன்று தொட்டதுமே முறிந்தது. காலையிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. வாசலில் வெளியே பார்த்தபடி நின்றாள்.

புதிதாக இறக்கைகள் வெட்டிக் கொடுத்தேன். ஒன்று கனத்தாலும் ராக்கெட் கோணிக்கொண்டு போகும் என்றேன். அவர் உதவிக்குக் கை நீட்டினார். அவள் உப்புத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளே நிதானமாக, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் வந்தார்கள். அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. எப்படிப் போயிற்று என்று அவரைத்தான் கேட்டேன். பெண் முந்திக்கொண்டாள்: "ஏக்தம் சீதா, நேரா மேல போச்சு ஆன்ட்டி, அப்பாவைத் தொடவே விடலை."

ராக்கெட் விடுவதெல்லாம் காலையில், நான் வீட்டில் டிபன் டப்பா கட்டுகிற நேரத்தில் என்பதால், இத்தனை இறக்கை தேய்த்த நான் ஒரு ராக்கெட்கூடப் பறந்து பார்த்ததில்லை.