ஞானமுத்துவின் கிட்டாரும் எழுத்தில் தராத அனுமதியும்

சென்ற புதன்கிழமை முற்பகல், இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தபோது சுற்றறிக்கைப் புத்தகம் வந்தது. "இயற்பியல் ஆய்வகக் கடைநிலை ஊழியர் ஞானமூர்த்தி நேற்று மாரடைப்பால் காலமானார். பிற்பகல் வகுப்புகள் வழக்கம்போல் நடைபெறும்." அவ்வளவுதான். அவர் பெயர் ஞானமூர்த்தி அன்று, ஞானமுத்து. பதினெட்டு ஆண்டுகள் அந்தப் புத்தகத்தை வகுப்பு வகுப்பாகச் சுமந்து சென்றவர் அவரேதான். எனக்கு முன்பாகப் பதினொரு ஆசிரியர்கள் "பார்த்தேன்" என்று கையொப்பமிட்டிருந்தார்கள். ஒருவர்கூடப் பெயரைத் திருத்தவில்லை. நான் திருத்தினேன், கையொப்பமிடவில்லை.

கல்லூரி மலருக்கு அவரைப் பற்றி இருபது வரிகள் கேட்டிருக்கிறார்கள். "நல்ல மாதிரி நாலு வார்த்தை" என்றார் முதல்வர். இருபது வரிகளில் இது அடங்காது. நல்ல மாதிரியாகவும் இருக்காது.

ஞானமுத்து அவர்கள் திருப்புட்குழிக்கு அருகே, பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். எட்டாவது வரை படித்தார். தேவாலயத்துப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கக் கற்றார். ஆய்வகப் பணியில் சேர்ந்த பிறகு பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தார். அவருடைய மனைவி எஸ்தர் அம்மையார் தறிக்காரர் வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுப்பவர். அதாவது, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குழல்களில் ஊடைப் பட்டு இழையை ராட்டினத்தால் சுற்றித் தருபவர்.

அவர் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. பேசும்போதும் கை ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருக்கும். ஒரு வேலை முடிந்ததென்று அவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது சார்" என்பதே அவருடைய வழக்கமான பதில்.

ஆய்வக வழக்கம் ஒன்றை வெளியாருக்குச் சொல்ல வேண்டும். ஒரு குடுவை உடைந்தால் அதன் சில்லுகளைப் பொறுக்கி வைத்திருந்து, ஆண்டிறுதிச் சரிபார்ப்பில் காட்ட வேண்டும். காட்டினால்தான் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். இல்லையேல் களவு போனதாகக் கருதுவார்கள். இந்த வழக்கம் ஞானமுத்துவின் எலும்புக்குள் இறங்கியிருந்தது. "வூட்ல தம்ளர் ஒடஞ்சாக்கூட சில்ல எடுத்து டப்பால போட்டு வெச்சுக்குவாரு சார். ஏசப்பா வந்து கணக்கு கேப்பாருன்னு நெனப்பு" என்று எஸ்தர் அம்மையார் கேலி செய்வார்.

அறுபதுகளின் நடுவில், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் தம்முடைய மின்சார கிட்டாரைக் கல்லூரி இசைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே ஆண்டுகளில் மாணவர்கள் அதை முடமாக்கினார்கள். யாரோ அதன்மேல் சன்னல் கம்பிக்கு அடிக்கும் நீலப் பெயிண்டை அடித்தார்கள். உள்ளே கம்பி இருக்கிறது, ஆகவே இயற்பியல் துறைக்குரியது என்று தீர்மானித்து எங்கள் கிடங்கில் கொண்டுவந்து போட்டார்கள். தந்தியின் அதிர்வை அளக்கும் உடைந்த சோனாமீட்டர்களின் நடுவே ஆண்டுக்கணக்கில் அது கிடந்தது. ஒருநாள் ஞானமுத்து அதைக் கையில் ஏந்தியபடி, துறைத் தலைவனான என் மேசை முன் நின்றார்.

"சார், இத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போயி பாக்கட்டுமா?"

"எடுத்துக்கொண்டு போங்கள், ஞானமுத்து" என்றேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்; தலை நிமிரவில்லை. எழுதியும் தரவில்லை. இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும் அந்த ஒரு வாக்கியந்தான்.

வீட்டில் அவர் முதலில் நீலத்தைச் சுரண்டினார். கண்ணாடிச் சில்லால் சுரண்டி, முரட்டு உப்புத்தாளிலிருந்து மென்மையான உப்புத்தாள் வரை தேய்த்தார். அடியில் சிவந்த மரம் தெரிந்தது. அவல்போல் செதில் செதிலான அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, கழிவுப் பட்டு இழைகளை உருண்டையாக்கி, அதில் தொட்டுத் தொட்டு மெருகு ஏற்றினார். மழை மாதத்தில் மெருகு பால்போல் வெளுத்துப்போனது. வழித்தெடுத்துவிட்டு வெயில் வரும்வரை காத்திருந்து மறுபடி தொடங்கினார். இரைச்சலைத் தடுக்க உட்குழியில் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டினார். பழைய வானொலியிலிருந்து ஒரு திருகுக் குமிழைக் கழற்றிப் பொருத்தினார். பிறகு அது பிடிக்காமல் வேறிடத்தில் துளையிட்டார்.

தந்திகளின் அதிர்வை மின்சாரமாக்கும் கம்பிச்சுருள் எரிந்து போயிருந்தது. முடியைவிட மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டும். வாலாஜாபாத்தில் வானொலி பழுது பார்ப்பவரிடம் கம்பி வாங்கி வந்தார். சுற்றியவர் எஸ்தர் அம்மையார், தம் தார் ராட்டினத்தில். நான் பார்த்த தார்களிலேயே ஒழுங்கானது அது. பொருத்தினால் சத்தமே இல்லை. ஞானமுத்து அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். கால்வனாமீட்டரில் இணைத்தோம், முள் அசையவில்லை. அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றேன்.

"எத்தினி வாட்டி அறுந்துச்சு?" என்று மனைவியைக் கேட்டார்.

"மூணு வாட்டி. பிணைச்சிட்டேன். எங்கன்னு கண்டுபிடிச்சிடு பாக்கலாம்."

பட்டிழை அறுந்தால் விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, இரு முனைகளையும் திரித்து ஒன்றாக்குவார்கள். செப்புக்கம்பியையும் அவர் அப்படியே பிணைத்திருந்தார். அதன் மேலிருக்கும் எனாமல் பூச்சைச் சுரண்டாமல் திரித்தால் மின்சாரம் கடக்காது என்று விளக்கினேன். ஞானமுத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க தெருவுல பிணைச்ச எடம் தெரியக்கூடாது. ஒங்க சைன்ஸுல தெரிஞ்சாத்தான் கரண்ட்டு ஓடும் போலக்குது சார்."

"சிரிக்காதய்யா. நீ சுத்திப் பாரு, அப்பத் தெரியும்" என்றார் அம்மையார்.

இரண்டாம் முறை சுற்றியபோது அறுந்த இடங்களைச் சுரண்டி ஈயப்பற்று வைத்தார்கள். இரண்டு இடங்களில் கடுகளவு ஈயம் வெளியே தெரிந்தது. கிட்டார் பேசியது.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. ஆண்டுக்கு ஒரு மாற்றம். கடைசியில், நான்கு ஆண்டுகளுக்கு முன், கல்லூரி விழாவில் வாசிக்க இருந்த மாணவன் வராமற்போக, ஞானமுத்துவை மேடையேற்றினார்கள். அவர் வாசித்தார். சிறப்பு விருந்தினர் கருவியைத் தடவிப் பார்த்து, "இது எங்கே வாங்கியது?" என்று கேட்டார். "கல்லூரியுடையது" என்றார் முதல்வர்.

அடுத்த வாரம் விசாரணைக் குழு அமைந்தது. மூவர். அவர்களில் நானும் ஒருவன்.

"ஏம்பா, வீட்டுக்கு எடுத்துக்கினு போனியா, இல்லியா?" என்று கேட்டார் வணிகவியல் பேராசிரியர். தம்மைவிட நான்கு வயது மூத்தவரை.

"போனேன் சார்."

"யாரைக் கேட்டு?"

"சாரைக் கேட்டு." அவர் என்னைப் பார்த்தார்.

"நான்தான் அனுமதித்தேன்" என்றேன்.

"எழுத்துல இருக்குதா?"

இல்லை என்றேன். வாய்மொழி அனுமதி விதிகளில் இல்லை என்றார்கள். உரிய அனுமதியின்றிக் கல்லூரிச் சொத்தை எடுத்துச் சென்றமைக்காக அவர் கண்டிக்கப்படுகிறார், பொருளை எடுத்த நிலையிலேயே பதினைந்து நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று அறிக்கை எழுதப்பட்டது. பணிப்பதிவேட்டில் அந்த வரி சிவப்பு மையில் ஏறியது. இத்துடன் முடிந்துவிடட்டும், வேலையாவது மிஞ்சட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அறிக்கையில் கையொப்பமிட்டேன். இந்த ஊரில் நான் கோபிக்க வேண்டியவர்களின் பட்டியல் நீளமானது. அதில் முதல் பெயர் எது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றேன். வாசலில் உட்கார்ந்து, ஆறு ஆண்டுகளாக ஏற்றிய மெருகை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். கைமுட்டியில் இரத்தம் கசிந்தது.

"இதை விட்டுவிடுங்கள், ஞானமுத்து. யாரும் கேட்கவில்லை."

"எடுத்த நிலையிலன்னு எழுதிக்கிறாங்க சார். மரம் அவுங்களுது. மெருகு என்னுது." தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

பதினைந்தாம் நாள் முதல்வர் அறையில் ஒப்படைத்தார். வெறும் மரம். பக்கத்தில் மூன்று டப்பாக்கள்: ஒன்றில் துருப்பிடித்த பழைய திருகாணிகள், ஒன்றில் எரிந்த கம்பிச்சுருள். மூன்றாவதைத் திறந்ததும் முதல்வருக்கு விளங்கவில்லை.

"என்னய்யா இது?"

"சுரண்டுன பெயிண்ட்டு சார். எடுத்துக்கினு போனது அத்தினியும் இருக்குது. நீலங்கூட இருக்குது. சரிபார்த்துக்குங்க."

அதன் பிறகு அவர் கிட்டாரைத் தொடவில்லை. தேவாலயத்திலும் தொடவில்லை என்று அம்மையார் சொன்னார். ஆய்வகத்தில் அவருடைய கை மட்டும் எப்போதும்போல் எதையாவது தேடிக்கொண்டிருந்தது. அந்த அறிக்கையைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் முதல்வர் என்னை அழைத்தார். விழா நெருங்குகிறது, ஞானமுத்துவின் நினைவாக அந்தக் கிட்டாரையே மேடையில் வாசிக்கச் செய்தால் உருக்கமாக இருக்கும், அவர் மனைவி சுற்றிய கம்பிச்சுருளை அந்த வீட்டிலிருந்து வாங்கிப் பொருத்தித் தர முடியுமா என்று கேட்டார். அவர் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். இல்லை.

நான் போனேன். எஸ்தர் அம்மையார் ராட்டினத்தின் முன் இருந்தார். தார்கள் அடுக்கிய மரப்பெட்டியைத் திறந்தார். அரக்கு நிறத்திலும் மாம்பழ நிறத்திலும் பட்டுத் தார்கள். அவற்றின் நடுவே, தானும் ஒரு தாரைப்போல, அந்தச் செப்புச்சுருள். அவர் அதை எடுக்கவில்லை.

"தரேன் சார். அந்தச் செவப்பு எழுத்த அடிக்கச் சொல்லுங்க, தரேன். அவுரு கேட்டு எடுத்துக்கினு போனாரு. கேக்காம தூக்கிக்கினு போவல. ரெண்டும் ஒண்ணா?"

"இல்லை அம்மா" என்றேன்.

"அப்ப ஒங்க வாயால சொன்னத கையால எழுதுங்க."

எழுதுகிறேன். கல்லூரி நிர்வாகத்துக்குத் தனியே ஒரு பிரதி பதிவுத் தபாலில் சென்றிருக்கிறது. அறிக்கையிலுள்ள என் கையொப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். அந்தச் சிவப்பு வரியை நீக்கும்வரை கம்பிச்சுருள் தார்ப்பெட்டியிலேயே இருக்கும். அதைக் கேட்டு நான் மீண்டும் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். அதுவரை மேடையில் அந்த மரம் ஊமையாகவே இருக்கட்டும். அவருக்குச் செலுத்தும் அஞ்சலிகளில் அது ஒன்றாவது பொய் கலக்காததாக இருக்கும்.

ஞானமுத்து, இம்முறை தலை நிமிர்ந்து, எழுத்து மூலமாக, துறைத் தலைவர் என்ற முறையில் தெரிவிக்கிறேன். தாங்கள் கேட்ட அனுமதி அளிக்கப்பட்டது. எடுத்துக்கொண்டு போங்கள்.